சிவப்பு வட்டத்துக்குள் நின்றவள்

மேனாம்பேடு, அம்பத்தூர்,
மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ரோஷினிக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் அந்த வெளிநாட்டுக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். மற்றதற்கெல்லாம் முன்னால் ஒரு திருத்தம். உன் கோதண்டம் சித்தப்பா ஆவடியிலிருந்து உனக்குப் போன் செய்து, நீ தேர்தலில் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை என்றும், நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறேன் என்றும், இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவர் வீட்டு மாடிக்கே வந்துவிடப் போகிறேன் என்றும் சொன்னாராம். சொன்னதை அவரே என்னிடம் ஏதோ உபகாரம் செய்தவர் போலச் சொன்னார். இதில் ஒன்றும் உண்மையில்லை. கதவைச் சாத்துவது கொசுவுக்காக. அழவில்லை. அவர் மாடி அவருக்கே இருக்கட்டும். நீ நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பொய். பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மாணவர் கலாசார மன்றத்துக்குத் தலைவராக நிற்கிறேன் அம்மா என்று நீ சொன்ன அன்று நான் கீரைக்காரியிடம் பேரம் பேசாமல் வாங்கி வந்தேன், அவளே என்னம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். உனக்குத் தெரியும், அப்பா வேலையில் இருந்தபோது ஆவடி குவார்ட்டர்ஸில் மாதர் மன்றத்துக்கு நான் செயலாளராக இருந்தவள். ஒரு பக்கம் திருநெல்வேலிக்காரர்கள், ஒரு பக்கம் சேலத்துக்காரர்கள், மேல் மாடியில் மலையாளிகள், பின் வரிசையில் தெலுங்குக்காரர்கள், ஓணத்துக்குப் பூக்கோலம் போட்ட இடத்தில் கொலுவுக்குப் பந்தல் போடலாமா என்று மூன்று வாரம் சண்டை. உனக்கு லாகூர், டாக்கா, காட்மண்டு, யாழ்ப்பாணம் என்று இன்னும் அகலமான சண்டை. பத்து வீட்டுப் பழக்கங்களை ஒரு கூரைக்குக் கீழே உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்த ஒருத்தி இதை எழுதுகிறாள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

உன் பேச்சை நான் பார்த்தேன். முழுவதும், இரண்டு தடவை. எதிர் வீட்டு திவ்யா தன் போனோடு ஓடி வந்தாள், உங்கள் மன்றம் போட்டியிடுகிற எல்லாருடைய பேச்சையும் இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறதாம். ஆன்ட்டி, ரோஷினி செமையா பேசியிருக்கா, பேச்சே உங்களப் பத்திதான், வந்து பாருங்க என்றாள். அடுப்பில் பால் இருந்தது, அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். குரல் நடுங்கவில்லை. ஆங்கிலம் சுத்தமாக இருந்தது, ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கையை ஆட்டுகிறாய், ஈ ஓட்டுவது போல இருக்கிறது, குறைத்துக்கொள். உங்கள் விழாக்களைக் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்குவது சிலருக்குச் சங்கடமாக இருக்கிறது, எல்லாருக்குமான மன்றத்தில் அது எதற்கு என்று கேட்கிறார்கள், அதற்கு என்ன செய்யலாம் என்று ஆரம்பித்தாய். நல்ல கேள்வி, தைரியமான கேள்வி. அப்போது உனக்குப் பின்னால் திரையில் ஒரு படம் வந்தது. நம் குடியிருப்பில் இந்த ஜனவரியில் நடந்த பொங்கல் விழா. கார் நிறுத்துகிற இடத்தில் விளக்கைச் சுற்றி ஐந்து பெண்கள், நடுவில் மெழுகுவத்தியோடு நம் அசோசியேஷன் செயலாளர் தாட்சாயிணி. அவர்களை விட்டு விலகி, தூணை ஒட்டி, சாம்பல் நிறப் புடவையில் நான். என்னைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். இதுதான் என் அம்மா என்றாய். அப்பா போன பிறகு என் அம்மாவைத் தான் குடியிருக்கிற கட்டடத்திலேயே விளக்கைத் தொட விடவில்லை, அங்கே செயலாளராக இருக்கிற பெண்மணியே அவளைத் தூணோரம் நிற்க வைத்தார், ஒதுக்கப்படுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், நான் தலைவரானால் இதுவரை விளக்கை விட்டு விலகி நின்றவர்களைத்தான் முதலில் ஏற்ற அழைப்பேன் என்றாய். கை தட்டினார்கள். முன் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் பக்கத்தில் திவ்யாவும் துடைத்துக்கொண்டாள். நான் மட்டும்தான் துடைக்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது என்ன என்று நீ என்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காததால் நானே எழுதுகிறேன். பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் தாட்சாயிணி நம் வீட்டுக்கு வந்தார். அண்ணனூர் ரயில் பணிமனையில் வேலை முடிந்து, கைப்பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக வந்தார். சரசாம்மா, நாளைக்கு முதல் திரி நீங்கதான் ஏத்தணும் என்றார். ஏன் நான் என்று கேட்டேன். மனதில் துளி கள்ளம் இல்லாமல் சொன்னார், இந்தக் காலத்துல போயி அதெல்லாம் யாரும்மா பாக்கறாங்க, உங்கள மாதிரி ஒருத்தங்க ஏத்தினா நம்ம பில்டிங்கே நாலு பேருக்கு முன்னுதாரணமா இருக்கும் என்று. நான் பொங்கல் சாப்பிட வருகிறேன் தாட்சாயிணி, முன்னுதாரணமாக நிற்க வரவில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டார், உங்க வாய்க்கு யார் பதில் சொல்றது என்று காபி குடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையிலும் விடவில்லை, மைக்கிலேயே கூப்பிட்டார். நான் தூணோரத்திலிருந்தே கையை ஆட்டி வேண்டாம் என்றேன். அவ்வளவுதான். யாரும் என்னைத் தடுக்கவில்லை, நான்தான் மறுத்தேன். ஏன் மறுத்தேன் என்று உனக்குப் புரிய வேண்டும். விதவை என்று ஒதுக்கி வைக்கிறவர்களும் உன் அப்பா இறந்ததைத்தான் பார்க்கிறார்கள், விதவை என்று தேடி வந்து முன்னால் நிறுத்துகிறவர்களும் அதையேதான் பார்க்கிறார்கள். ஐந்து வருஷமாகக் கழுவாமல் கிடந்த தண்ணீர்த் தொட்டியைச் சண்டை போட்டுக் கழுவ வைத்தவள் என்று கூப்பிட்டிருந்தால் சந்தோஷமாக ஏற்றியிருப்பேன். இது தாட்சாயிணி மேல் புகார் இல்லை. நல்ல மனதோடு செய்தார், நானும் நல்ல மனதோடு மறுத்தேன், இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

தூணோரம் ஏன் நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொங்கல் பானையை விறகு மூட்டி வைத்திருந்தார்கள், புகை முழுவதும் கார் நிறுத்துகிற இடத்தில் சூழ்ந்துகொண்டது, அதை விரட்ட ஒரு பெரிய ஸ்டாண்டு மின்விசிறி கொண்டு வந்து வைத்திருந்தார்கள். விசிறி ஓடினால் விளக்கு நிற்காது, விசிறி நின்றால் கண் எரியும். வாட்ச்மேன் கஜபதி வினாடிக்கு ஒரு தடவை சுவிட்சைத் தட்டப் பார்த்தார். இன்னாமா நீ, எனக்கும் பேனுக்கும் நடுவுல வந்து நின்னுகினு, கண்ணு அவிஞ்சு பூடும்மா எனக்கு என்றார். ஐந்து திரியும் ஏற்றி முடிக்கிற வரைக்கும் உங்கள் கண் எரியட்டும் என்று நான் தூணுக்குப் பின்பக்கம் இருந்த சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார், என் வலது கை தூணுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அது அங்கே இருந்ததால்தான் விளக்கு அணையாமல் எரிந்தது. அந்த இடத்தில்தான் நீ வட்டம் போட்டாய்.

அன்று சாயங்காலம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நீ போன் செய்து, நீ விளக்கு ஏத்தலையாம்மா என்று கேட்டாய், இல்லை என்றேன். புகையில் நின்றதில் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, நாளைக்குப் பேசலாம் என்று வைத்துவிட்டேன். ஒரு படம், ஒரு இல்லை, கட்டிய தொண்டை, இந்த மூன்றை வைத்து நீ மீதியை நிரப்பிக்கொண்டாய். ஆற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கிற ஆராய்ச்சி செய்கிறாய், ஒரே ஒரு குடுவைத் தண்ணீரை எடுத்துப் பார்த்துவிட்டு ஆறே விஷம் என்று எழுதினால் உன் பேராசிரியர் விடுவாரா. அம்மா வலியை மறைத்துக்கொண்டு இல்லை என்கிறாள் என்று நினைத்திருப்பாய். நான் எப்போது மறைத்திருக்கிறேன் ரோஷினி. எனக்கு வலித்தால் தெருமுனை வரைக்கும் தெரியும் என்று உன் அப்பாவே சொல்வார்.

இங்கே அதற்குப் பிறகு நடந்ததும் உனக்குத் தெரிய வேண்டும். திவ்யா பெருமையில் அந்த வீடியோவைக் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டாள், நம்ம ரோஷினி என்று இதயம் எல்லாம் போட்டு. அவள் சின்னப் பெண், யோசிக்கவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து ஒருவர் வெட்கக்கேடு என்று எழுதினார், இன்னொருவர் இது யாருடைய முடிவு என்று கேட்டார். போன வருஷம் மெயின்டனன்ஸ் உயர்த்தியதிலிருந்து தாட்சாயிணி மேல் எரிச்சலாக இருந்தவர்களுக்கெல்லாம் இப்போது ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. அன்று இரவே அவர் நம் வாசலில் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. நான் எப்பம்மா உங்கள வேணாம்னு சொன்னேன், வீட்டுக்கு வந்து கூப்பிட்டேனே, மைக்குல கூப்பிட்டேனே என்றார். கத்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். மெதுவாகக் கேட்டார். என் மகளுக்குத் தெரியாது, நான் அவளிடம் சொல்கிறேன் என்றேன். தெரியாமயா படம் போட்டு வட்டம் போட்டாங்க என்று கேட்டுவிட்டுப் படியில் இறங்கிப் போனார். இப்போது நான் லிப்ட்டுக்கு நின்றால் அவர் படியில் போகிறார். முட்டி வலிக்காரர், நான்கு மாடி. இந்த மாதத்தோடு பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நான் சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலை ஒரு தாளில், பொங்கல் அன்று திருமதி தாட்சாயிணி விளக்கு ஏற்ற என்னை இரண்டு முறை அழைத்தார், நான் என் விருப்பப்படி மறுத்தேன், என் மகள் தவறாகப் புரிந்துகொண்டு பேசிவிட்டாள் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, லிப்ட் பக்கத்திலிருக்கிற அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தேன். அன்று மத்தியானம் லிப்ட்டுக்குள் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு போனது என் காதில் விழுந்தது. பாவம்டி, தனியா இருக்கறவங்க, நாளைக்கு மோட்டார் ஓடலன்னா அந்தம்மாகிட்டதானே போய் நிக்கணும், எழுதுன்னா எழுதித்தானே ஆகணும் என்று ஒருத்தி சொன்னாள். கஜபதியும் வந்து சொன்னார், அம்மா, நீ எய்தி வச்சத ஒர்த்தரும் நம்பல, அந்தம்மா மெரட்டி எய்தி வாங்கிச்சுன்னு பேசிக்கிறாங்கோ, நான் பேன் கதைய சொன்னா என்னியப் பாத்து சிரிக்கிறாங்கோ என்று. உன் சித்தப்பாவும் இதைக் கேட்டுத்தான் அண்ணி அங்கே பயந்துகொண்டு இருக்கிறாள் என்று முடிவு செய்து உனக்குப் போன் செய்தார். என் மனதில் பாரமாக இருப்பது இதுதான், வேறு ஒன்றும் இல்லை. குவார்ட்டர்ஸில் சரசா சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள். உன் அப்பாவின் மேலதிகாரி வீட்டம்மாவிடம்கூட நீங்கள் சொல்வது தவறு என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். இப்போது நான் உண்மையைச் சொன்னால் பயந்து சொல்கிறாள் என்கிறார்கள், பேசாமல் இருந்தால் வேதனையில் இருக்கிறாள் என்கிறார்கள். நீ போட்ட வட்டத்துக்குள் நின்றுகொண்டு நான் எதைச் சொன்னாலும் அது ஒரு பாவப்பட்ட விதவை சொல்வதாகத்தான் கேட்கிறது. அதை அழிக்க என் கையால் முடியவில்லை.

இப்படியெல்லாம் எங்கும் நடப்பதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கே நடந்திருக்கிறது, நீ பக்கத்தில் இருந்தாய். உன் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு செய்தபோது, அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மங்கலமான காரியம் அண்ணி, நீங்க உள்ள உக்காருங்க, சாப்பாடு அங்கயே கொண்டாந்து தரச் சொல்றேன் என்று சித்தப்பாவே வந்து சொன்னார். உன் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். நீ வாசலில் நின்று உள்ளே என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, கிண்ணத்தை அப்படியே கீழே வைத்துவிட்டாய். அந்தக் கோபம் நியாயமான கோபம். அதை நீ மேடையில் பேசியிருந்தால் எனக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருந்திருக்காது, என் படத்தையும் சேர்த்துப் போட்டுக்கொள் என்றிருப்பேன். ஆனால் அதைப் பேசினால் சித்தப்பா காதுக்குப் போகும், குடும்பத்தில் பிளவு வரும். தாட்சாயிணி யாரோ ஒருத்தி, நான்காவது மாடி. உள்ளே வைத்திருந்த கோபத்தை அவர் தலையில் இறக்கிவிட்டாய். வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் தலை அவருடையது.

எங்கள் கான்வென்ட்டில் மாணவர் தலைவி தேர்தல் வரும். நிற்கிற பெண்கள் ஒவ்வொருவராக மேடையேறிப் பேச வேண்டும், சிஸ்டர் பெர்னதெத் ஒரு சின்னக் கைமணியை மடியில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பார். என்ன செய்வேன் என்று சொல்லலாம், தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லக் கூடாது, சொன்னால் மணி அடிப்பார். ஒரு வருஷம், அப்போதுதான் தகப்பனை இழந்த பெண் ஒருத்தி எங்கள் வகுப்பிலிருந்து நின்றாள், அப்பா என்று வாயைத் திறந்தவுடன் மணி அடித்தது, அவள் பாதியில் இறங்கிவிட்டாள். அது கொடுமை என்று அன்று நினைத்தேன், சிஸ்டர் செய்தது சரி என்று இன்றைக்கும் முழுமனதோடு சொல்ல மாட்டேன். ஆனால் உன் பேச்சைப் பார்த்தபோது அந்த மணிச் சத்தம் காதில் கேட்டது. அந்தப் பெண்ணாவது தன் துக்கத்தைத்தான் சொல்ல வந்தாள், நீ என்னுடையது என்று ஒன்றை நீயே செய்து சொன்னாய்.

சபீனாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாக்காவிலிருந்து வந்த பெண், போன வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள், இப்போது உன்னை எதிர்த்து நிற்பவளும் அவள்தான் என்றாய். அவள் பேச்சையும் திவ்யாவிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உன் அளவுக்குப் பேச வரவில்லை, காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். விளக்கைப் பற்றி அவள் சொன்னது இரண்டே வரி, விளக்கு இருக்கட்டும், யாரையும் ஏற்றச் சொல்லியும் கட்டாயப்படுத்த வேண்டாம், ஏற்றாதே என்றும் சொல்ல வேண்டாம், நாங்கள் பக்கத்தில் நிற்கிறோம் என்றாள். நீயோ, விலகி நின்றவர்களை முதலில் ஏற்ற அழைப்பேன் என்கிறாய். அந்த முதல் ஆள் யார், சபீனாதானே. நீ மைக்கில் கூப்பிடுவாய், எல்லாரும் கை தட்டுவார்கள், அவள் எழுந்து வந்தாலும் சங்கடம், வராவிட்டாலும் சங்கடம். தாட்சாயிணி எனக்குச் செய்ததையே, அதே நல்ல மனதோடு, நீ அவளுக்குச் செய்யப் போகிறாய். வேண்டாம் என்று கையை ஆட்ட எனக்கு வயதும் வாயும் இருந்தது. அவளுக்கு இருக்குமா என்று யோசித்தாயா. மேடையில் ஏற்றுவதற்கு முன்னால் அவள் அறைக்குப் போய், உனக்கு எது பிடிக்கும் என்று கேள். இப்போது அவளுக்கு ரம்ஜான் நோன்பு தொடங்கியிருக்கும், சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரத்துக்கு ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு போ, கையை வீசிக்கொண்டு போகாதே.

நான் கேட்பது இது. இந்த மாதக் கடைசியில் ஓட்டு என்றாய். அதற்கு முன்னால், எந்த மேடையில் பேசினாயோ அங்கேயே, எதில் வீடியோ போட்டார்களோ அதிலேயே, நான் சொன்னது தவறு, என் அம்மாவை யாரும் தடுக்கவில்லை, அவளை அழைத்தவர் மேல் நான் பழி போட்டுவிட்டேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். அந்த வீடியோவை எடுத்துவிடுவது மட்டும் போதாது, எடுத்துவிட்டால் அம்மா வற்புறுத்தினாள் என்று அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். தாட்சாயிணிக்கு நீயே தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும், என் வழியாக வேண்டாம். இதைச் செய்தால் உனக்கு ஓட்டுக் குறையும் என்று எனக்குத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த முன்வரிசைப் பெண் உனக்குப் போடாமல் போகலாம். நீ தோற்கவும் தோற்கலாம். நீ ஜெயிக்க வேண்டும் என்று எனக்குள்ள ஆசையை நான் மறைக்கவில்லை, தலைவர் ரோஷினி என்று சொல்லிப் பார்த்தும் இருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. தெரிந்தேதான் கேட்கிறேன். தலைவராக இருப்பது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் தாட்சாயிணியைப் பார். லிப்ட் நின்றால் அவரைத் திட்டுவார்கள், தண்ணீர் லாரி வராவிட்டால் காலை ஆறு மணிக்கு அவர் கதவைத் தட்டுவார்கள், வந்துவிட்டால் யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். இரண்டு வருஷம் வேறு யாரும் முன்வராத வேலையைச் செய்தவர், தான் செய்யாத ஒன்றுக்காக இறங்கிப் போகிறார். நாளைக்கு நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உன்னைப் பற்றியும் யாராவது ஒரு படத்தில் வட்டம் போடுவார்கள். அப்போது உண்மை தெரிந்தவர்கள் வாயைத் திறக்க வேண்டும் என்று நீ எதிர்பார்ப்பாய்.

மற்ற செய்திகள். சித்தப்பா பேத்தி, அந்த வளைகாப்புக் குழந்தைதான், பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டாள், என்னை மேனாம்பேட்டுப் பாட்டி என்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு எல்லாரும் மாங்காடு கோயிலுக்குப் போனோம், என்னையும் அழைத்தார்கள், போனேன், கோபத்தைச் சுமந்துகொண்டு கோயிலுக்குப் போகிற வழக்கம் எனக்கு இல்லை. வலது கண்ணில் புரை இன்னும் முற்றவில்லை, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார் டாக்டர், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருப்பதற்கு அதுதான் காரணம். சமையலறைக் குழாயை மாற்றியாகிவிட்டது. திவ்யா தினமும் வந்து ஆன்ட்டி கோபமா என்று கேட்கிறாள், அவள் மேல் கோபம் இல்லை என்று சொல்லிவிட்டேன். நீயும் அவளைக் கடிந்துகொள்ளாதே. போன மாதம் சித்தப்பா மூலமாக அனுப்பிய பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் வந்து சேர்ந்ததா என்று நீ இன்னும் சொல்லவில்லை. தைராய்டு மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில் போடு, காபிக்குப் பிறகு போட்டால் பலனில்லை என்று எத்தனை தடவை சொல்வது.

உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்பதை இந்தக் கடிதத்தில் எந்த வரியும் மறுக்கவில்லை. உன் அப்பா இருந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டார், ஆனால் இதையேதான் சொல்லியிருப்பார். நீ போகிற இடமெல்லாம் உன்னை மதிக்கிறவர்கள் இருக்கட்டும், நீ வாயைத் திறந்தால் அது உண்மையாக இருக்கும் என்று அவர்கள் நம்பட்டும், அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாளைக்கு அம்பத்தூர் தபால் நிலையத்துக்குப் போய் இதை ஸ்பீடு போஸ்ட்டில் சேர்க்கிறேன், ஓட்டுக்கு முன்னால் வந்துவிடும். பதிலுக்குப் போன் செய்யாதே, குரல் பதிவும் அனுப்பாதே. நடந்தது என்ன, நீ அங்கே எழுந்து நின்று என்ன சொன்னாய் என்பதைத் தமிழில், உன் கையெழுத்தில், தேதி போட்டு எழுதி அனுப்பு. பலகையில் என் தாள் இன்னும் இருக்கிறது, அதன் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன். குத்தி வைத்தால் பின்பக்கம் யாருக்கும் தெரியாது, அதனால் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுது.

உன் அன்புள்ள அம்மா,
சரசா.